18 ரன் அடித்தவருக்கு எப்படி விழுந்தது ஓட்டு?

கேட்கப்பட்ட கேள்வி இது: 2020-ல் லாரியஸ் என்ற உலக விளையாட்டு விருதுக்காக நடந்த பொது வாக்கெடுப்பில், 2000 முதல் 2020 வரையிலான சிறந்த விளையாட்டுத் தருணமாக, 2011 உலகக்கோப்பை இறுதிக்குப் பிறகு டெண்டுல்கரைத் தோளில் தூக்கிச் சென்ற காட்சி தேர்வானது. அன்று அவர் எடுத்தது 18 ரன். ஆட்டத்தை முடித்தது தோனி. அப்படியிருக்க, இதற்கு ஏன் ஓட்டு விழுந்தது? இந்தியர்கள் கூட்டமாகப் போய்க் குத்தியதுதான் காரணமா, இல்லை இப்படிப்பட்ட வாக்கெடுப்புகளில் ஜெயிப்பதற்கென்று ஏதாவது கணக்கு இருக்கிறதா?

கூட்டமும் காரணம்தான். அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் அது பாதிப் பதில், அதுவும் சுலபமான பாதி. நான் சில வருடம் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் உதவி ஆசிரியராக இருந்தவன். இந்த மாதிரி வாக்கெடுப்புகளைத் தயார் செய்து, ஓட்டு எண்ணி, தோற்றுப்போன தருணங்களுக்காக வாசகர்களிடம் திட்டும் வாங்கியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் அந்த இரவை ஒருமுறை திருப்பிப் பார்ப்போம். 2011 ஏப்ரல் 2, சனிக்கிழமை, வான்கடே. இலங்கை 274. சேவாக் இரண்டாவது பந்திலேயே அவுட். டெண்டுல்கர் மலிங்கா பந்தில் சங்ககாராவிடம் பிடி கொடுத்தபோது இந்தியா 31-க்கு 2. மைதானம் சாவு வீடு போல ஆனது. பிறகு கம்பீர் 97, தோனி ஆட்டமிழக்காமல் 91. குலசேகரா பந்து லாங் ஆன் பக்கம் பறந்து விழுந்ததோடு கிரிக்கெட் முடிந்துவிட்டது. விதிப்புத்தகப்படி அதற்கு மேல் அங்கே எதுவும் நடக்கவில்லை.

வாக்கெடுப்பில் ஜெயித்ததோ, எல்லாம் முடிந்த பிறகு நடந்தது. யாரும் பந்து வீசவில்லை, யாரும் ரன் எடுக்கவில்லை. யூசுப் பதானும் ரெய்னாவும் கோலியும் ஒரு மனிதரைத் தோளில் ஏற்றிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். அவர் கையில் தேசியக் கொடி. அவ்வளவுதான் காட்சி. ஆனால் அன்றிரவே கோலி ஒரு வாக்கியம் சொன்னார்: இவர் 21 வருடம் இந்த தேசத்தின் பாரத்தைச் சுமந்தார், இன்று நாங்கள் இவரைச் சுமக்கிற நேரம் என்று. டெண்டுல்கர் முதல் டெஸ்ட் ஆடியது 1989 நவம்பரில். கோலிக்கு அப்போது ஒரு வயது முடிந்து பத்து நாள். அந்தக் குழந்தை வளர்ந்து வந்து இவரைத் தூக்கியது என்று யோசித்தால், அந்த வாக்கியம் ஏன் ஒட்டிக்கொண்டது என்று புரியும். ஒன்பது வருடம் கழித்து வாக்கெடுப்பில் அந்தத் தருணத்துக்கு வைத்த தலைப்பும் அதே பொருளில்தான் இருந்தது: ஒரு தேசத்தின் தோள்களில். படத்துக்கு வேண்டிய விளக்கத்தைக் கோலி அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டார் என்று நான் சொல்வதுண்டு.

சரி, இது இந்தியாவுக்கு மட்டும் வாய்த்த விசேஷமா? லாரியஸ் இந்தப் பிரிவில் மற்ற வருடங்களில் தேர்வானவற்றைப் பாருங்கள். 2017-ல் பார்சிலோனாவின் 12 வயதுக்குட்பட்ட பையன்கள். ஜப்பானில் ஒரு போட்டியின் இறுதியில் ஜெயித்த கையோடு, அழுதுகொண்டிருந்த ஜப்பானியப் பையன்களிடம் போய்த் தட்டிக்கொடுத்ததற்காக. 2018-ல் சப்பகோயன்சே, விமான விபத்தில் ஏறக்குறைய மொத்த அணியையும் இழந்துவிட்டு மறுபடி எழுந்த பிரேசில் கால்பந்துக் கழகம். 2019-ல் சியா போயூ என்ற சீனர். 1975-ல் எவரெஸ்ட்டில் பனிக்கடியில் பாதங்களை இழந்தவர், பிறகு முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் எடுக்கப்பட்டவர், 69-வது வயதில் செயற்கைக் கால்களோடு அதே மலையின் உச்சிக்குப் போனார். 2021-ல் கிறிஸ் நிக்கிச், டவுன் சிண்ட்ரோம் உள்ள அமெரிக்க இளைஞர். நீச்சல், சைக்கிள், முழு மாரத்தான் மூன்றும் சேர்ந்த அயர்ன்மேன் பந்தயத்தை 17 மணி நேரக் கெடுவுக்கு 14 நிமிடம் மிச்சம் இருக்க முடித்தார்.

கவனியுங்கள், இவற்றில் ஒன்றுகூட ஒரு கோலோ சிக்ஸரோ உலக சாதனை நேரமோ இல்லை. சீனாவில் ஜனம் அதிகம், சியா போயூவுக்கு அது உதவியிருக்கலாம். பார்சிலோனா பொடிசுகளுக்கு எந்த நாடு திரண்டு ஓட்டுப் போட்டது?

என் கட்சி இதுதான். மக்கள் ஓட்டில் ஜெயிக்கிற தருணம் என்பது பெரும்பாலும் ஒரு பழைய பாக்கி எல்லார் கண் முன்னாலும் தீர்கிற நொடி. ஆட்டத்தின் உச்சம் வேறு, இது வேறு. இரண்டும் ஒரே நொடியில் வரலாம், வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2011-ல் ஆட்டத்தின் உச்சம் தோனியின் சிக்ஸர். பாக்கி தீர்ந்தது அடுத்த அரைமணியில். டெண்டுல்கருக்கு அது ஆறாவது உலகக்கோப்பை. 1992-லிருந்து ஐந்து முறை வெறுங்கையோடு திரும்பியவர். அந்தக் கணக்கு இந்தியாவில் ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவருக்கும் தெரியும். அதனால் தோளில் ஏறிய படத்துக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இதற்கு நான் அடிக்கடி காட்டும் உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. பேஸ்பால் நமக்குப் பழக்கமில்லாத ஆட்டம், இருந்தாலும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். 2002-ல் அங்கே ரசிகர்களிடம் பேஸ்பால் வரலாற்றின் மிக மறக்க முடியாத தருணம் எது என்று ஓட்டு எடுத்தார்கள். ஹாங்க் ஆரோனின் 715-வது ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) போட்டியில் இருந்தது. கறுப்பின வீரர்களுக்கு மூடியிருந்த கதவை 1947-ல் ஜாக்கி ராபின்சன் திறந்தது இருந்தது. ஜெயித்தது எது தெரியுமா? கால் ரிப்கன் என்ற பால்டிமோர் வீரர் 1995 செப்டம்பர் 6 அன்று வேலைக்கு வந்தது!

விளையாட்டாகச் சொல்லவில்லை. அவருடைய சாதனையே அதுதான். ஒரு ஆட்டத்தைக்கூடத் தவறவிடாமல் தொடர்ச்சியாக 2,131-வது ஆட்டம். 1939-ல் லூ கெரிக் விட்டுப்போன 2,130 என்ற எண்ணை 56 வருடம் கழித்துத் தாண்டினார். மைதானத்துக்கு வெளியே ஒரு பழைய செங்கல் கிட்டங்கி, அதன் சுவரில் ராட்சத எண்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஆட்டம் பாதியைத் தொட்டு, இனி மழை பெய்தாலும் கணக்கில் சேரும் என்ற கட்டம் வந்ததும் கடைசி எண் இறங்கி 0 இருந்த இடத்தில் 1 வந்தது. கூட்டம் எழுந்தது. ரிப்கன் வீரர்கள் உட்காரும் பள்ளத்திலிருந்து வெளியே வந்து கையசைத்துவிட்டு உள்ளே போனார். கைதட்டல் நிற்கவில்லை. மறுபடி வந்தார், போனார், நிற்கவில்லை. கடைசியில் சக வீரர்கள் இரண்டு பேர் அவரைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். அவர் வேலியோரமாகவே மெல்ல ஓடி, நீண்டிருந்த கைகளைத் தொட்டுக்கொண்டு மைதானம் முழுக்கச் சுற்றி வந்தார். 22 நிமிடம் ஆட்டம் நின்றது. எதிரணி ஆட்களும் நின்று தட்டினார்கள்.

அதே ஆட்டத்தில் அவர் ஒரு ஹோம் ரன்னும் அடித்தார். அதை எத்தனை பேர் சொல்கிறார்கள்? அந்தச் சுற்றைத்தான் சொல்கிறார்கள். வான்கடேயில் சுற்றியதற்கும் பால்டிமோரில் சுற்றியதற்கும் நடுவே எந்தச் சம்பந்தமும் இல்லை, ஆனால் இரண்டு நாட்டு மக்களும் ஓட்டுப் போட்டது ஆட்டம் நின்றபின் ஒருவர் மைதானத்தைச் சுற்றியதற்குத்தான். இன்னொரு விஷயமும் உண்டு. முந்தைய வருடம் வீரர்களின் வேலைநிறுத்தத்தால் அமெரிக்காவில் உலகத்தொடர் இறுதியே ரத்தானது. ரசிகர்கள் கடும் கோபத்தில் இருந்தார்கள். பணத்துக்காக ஆட்டத்தை நிறுத்தியவர்கள் என்ற பெயர் வாங்கிய கூட்டத்திலிருந்து, 13 வருடம் ஒருநாள்கூட விடுப்பு எடுக்காத ஆள் ஒருவர். அங்கே தீர்ந்தது ஒருவருடைய பாக்கி மட்டும் இல்லை.

பிரிட்டனில் அதே 2002-ல் சேனல் 4 தொலைக்காட்சி 100 தருணங்களுக்கு ஓட்டு எடுத்தபோது முதலிடம் ஸ்டீவ் ரெட்கிரேவின் ஐந்தாவது தங்கம். துடுப்புப் படகுப் பந்தயத்தை அந்நாட்டில் வாராவாரம் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? இருந்தும் கால்பந்தைத் தள்ளிவிட்டு அது முதலில் வந்தது. 1984-லிருந்து வரிசையாக ஐந்து ஒலிம்பிக், ஐந்து தங்கம். 1996-ல் நான்காவது தங்கம் வாங்கிய களைப்பில், இனி என்னைப் படகுப் பக்கம் யாராவது பார்த்தால் சுட்டுவிடுங்கள் என்று சொன்ன மனிதர். அடுத்த வருடம் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. 38 வயதில் சிட்னியில் இறங்கி, கடைசியில் இத்தாலிப் படகு நெருங்கி நெருங்கி வர, 0.38 விநாடியில் தப்பித்தார். அத்தனை வருட உழைப்பும் ஆறு நிமிடத்துக்குள் அடங்கிவிட்டது. பிரிட்டனில் அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. விழித்திருந்து பார்த்தவர்கள் விழித்திருந்ததையும் சேர்த்தே நினைவில் வைத்திருந்தார்கள். வாக்கெடுப்பு வந்தபோது அதற்கு ஒன்றரை வருடம்கூட ஆகியிருக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், சூடு ஆறாத நினைவுக்கு ஓட்டுக் கூடும்.

இப்போது தோற்கிறவற்றைப் பார்ப்போம், அங்கேதான் விஷயம் இன்னும் தெளிவாகும். எங்கள் பத்திரிகையில் இந்தியக் கிரிக்கெட்டின் மறக்க முடியாத தருணம் என்று ஒரு வாக்கெடுப்பு வைத்தோம். 2001 கொல்கத்தா டெஸ்ட் பட்டியலில் இருந்தே ஆகவேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். ஃபாலோ ஆன், 274 ரன் பின்தங்கல், ஆஸ்திரேலியா தொடர்ந்து 16 டெஸ்ட் ஜெயித்து வந்த நேரம். லட்சுமணனும் திராவிடும் மார்ச் 14 அன்று காலையிலிருந்து மாலைவரை விக்கெட்டே விடாமல் ஆடினார்கள், 376 ரன் கூட்டு. கிரிக்கெட் தெரிந்த யாரைக் கேட்டாலும் முதல் மூன்றுக்குள் வைப்பார்கள். பக்கம் வடிவமைக்கிறவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சார், இதுக்கு எந்தப் படம்?"

அப்போதுதான் உறைத்தது. இரண்டு பேர் களைத்துப்போய்ப் பெவிலியனுக்கு நடந்து வருகிற படம்தான் கிடைத்தது. பக்கத்துக் கட்டத்தில் கோப்பை, தோள், கொடி. கொல்கத்தா மண்ணைக் கவ்வியது. நாள் முழுக்க நடந்த அதிசயத்தை அஞ்சல் தலை அளவு கட்டத்துக்குள் அடைக்க முடியவில்லை. தருணம் என்று கேட்கும்போதே நொடிக்குச் சாதகமாகவும் நாளுக்குப் பாதகமாகவும் கேள்வி சாய்ந்துவிடுகிறது. ரிப்கனின் சாதனையும் நீளமானதுதான், ஆனால் அது இன்ன தேதியில் முடியும் என்று எல்லாருக்கும் முன்பே தெரியும். கேமரா, ஜனாதிபதி, ராட்சத எண் எல்லாம் காத்திருந்தன. லட்சுமணனுக்கு யாரும் காத்திருக்கவில்லை.

இன்னும் மோசம், படமே இல்லாமல் போவது. 1983 ஜூன் 18, டன்பிரிட்ஜ் வெல்ஸ். ஜிம்பாப்வேக்கு எதிராக இந்தியா 17-க்கு 5. 9-க்கு 4 என்றபோதே இறங்கியிருந்த கபில்தேவ் ஆட்டமிழக்காமல் 175. அந்த இன்னிங்ஸ் இல்லையென்றால் கோப்பையே இல்லை. அன்று பிபிசி ஊழியர்கள் வேலைநிறுத்தம் என்று சொல்வார்கள், எப்படியோ ஒளிப்பதிவு இல்லை. 1983 என்றதும் நம் கண் முன்னால் வருவது லார்ட்ஸ் மாடியில் கோப்பையோடு சிரிக்கிற கபில். 175 கதையாகத்தான் வரும், காட்சியாக வராது. இறுதி ஆட்டத்தில் இரண்டு அணியிலும் சேர்த்து அதிக ரன் எடுத்தவர் நம் சென்னை ஸ்ரீகாந்த், 38 என்பதை வினாடிவினாப் பையன்கள் மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

அதே வான்கடே இரவில் முத்தையா முரளிதரன் தன் கடைசி சர்வதேச ஆட்டத்தை ஆடி முடித்தார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 8 ஓவர், 39 ரன், விக்கெட் இல்லை. நல்லவேளை, அவர் பாக்கி அதற்கு முன்பே தீர்ந்திருந்தது. 2010 ஜூலையில் காலியில், இதுதான் என் கடைசி டெஸ்ட் என்று அறிவித்துவிட்டு இறங்கினார். 800-க்கு எட்டு விக்கெட் குறைவு. கடைசி விக்கெட்டாக ஓஜா ஸ்லிப்பில் ஜெயவர்தனேயிடம் பிடி கொடுத்தபோது எண் சரியாக 800-ல் நின்றது. பிராட்மேனுக்கு 1948-ல் கடைசி இன்னிங்ஸில் டெஸ்ட் சராசரி 100 ஆக நான்கு ரன் தேவைப்பட்டு பூஜ்யம் கிடைத்தது, 99.94. தீராத பாக்கியும் நிலைக்கும், ஆனால் அது எண்ணாகத்தான் நிலைக்கும்.

ஓட்டுப் போடுகிறவர் யார் என்பது அடுத்த சங்கதி. நெதர்லாந்தில் சில ஆய்வாளர்கள் மக்களிடம் எல்லாக் காலத்துக்குமான சிறந்த கால்பந்து வீரர்களைச் சொல்லச் சொன்னார்கள். 2012-ல் வெளியான அந்த ஆய்வில் தெரிந்தது என்னவென்றால், ஒருவர் சொல்லும் வீரர் உச்சத்தில் இருந்த காலம், சொல்கிறவருக்கு ஏறத்தாழ 17 வயது இருந்த காலமாக இருக்கிறது. யார் சிறந்தவர் என்று நாம் சண்டை போடுவதில் பாதி, யார் எப்போது பிளஸ் டூ படித்தோம் என்பதற்கான சண்டைதான்.

2000-ல் ஃபிஃபா நூற்றாண்டின் சிறந்த வீரருக்கு இணையத்தில் ஓட்டு எடுத்தபோது இதுவே நடந்தது. மரடோனாவுக்கு 53.6 சதவீதம், பீலேவுக்கு 18.5. பீலேவை நேரில் பார்த்த தலைமுறை அன்று கணினி முன் உட்காரவில்லை. ஃபிஃபா பதறிப்போய் ஒரு குழுவையும் தன் இதழ் வாசகர்களையும் வைத்துத் தனியாகத் தேர்வு நடத்தி, அதில் பீலே ஜெயிக்க, கடைசியில் இருவருக்கும் பட்டம் கொடுத்துச் சமாளித்தது. இரண்டு வருடம் கழித்து நூற்றாண்டின் சிறந்த கோலுக்கு ஓட்டு எடுத்தார்கள். 1986-ல் மரடோனா பாதி மைதானத்தைத் தாண்டி இங்கிலாந்தின் வலைக்குள் அடித்தது முதலிடம், அது நியாயம். இரண்டாவது? 1998-ல் மைக்கேல் ஓவன் அடித்தது. 1958 இறுதியில் 17 வயது பீலே பந்தைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டு அடித்த கோல் அதற்குக் கீழே. ஓவனுக்குக் குறை சொல்லவில்லை, ஆனாலும்!

அமெரிக்கர்கள் இதைக் கொஞ்சம் நேர்மையாக எதிர்கொண்டார்கள். 1999-ல் நூற்றாண்டின் பேஸ்பால் அணிக்கு ரசிகர்கள் 25 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். பழைய மேதைகள் விடுபட்டுப்போவார்கள் என்று தெரிந்து, ஐந்து பேரைச் சேர்க்கும் அதிகாரத்தை ஒரு குழுவிடம் கொடுத்தார்கள். அந்தக் குழு ஹோனஸ் வாக்னர் போன்ற, கறுப்பு வெள்ளைக் காலத்து ஆட்களைத்தான் சேர்த்தது.

கூட்டமாகக் குத்துவதும் புதிதல்ல. 1957-ல் சின்சினாட்டி ரசிகர்கள் அமெரிக்க பேஸ்பால் நட்சத்திர ஆட்டத்துக்கான அணியில் தங்கள் ஊர்க்காரர்கள் ஏழு பேரை ஓட்டுப்போட்டே உட்காரவைத்துவிட்டார்கள். உள்ளூர்ப் பத்திரிகை முன்கூட்டியே குறி போட்ட வாக்குச்சீட்டை அச்சடித்துக் கொடுத்தது. ஆணையர் இரண்டு பேரைத் தூக்கிவிட்டு வில்லி மேஸையும் ஆரோனையும் போட்டார், ரசிகர் ஓட்டையே 1970 வரை நிறுத்தி வைத்தார்கள். மறுபக்கம், எண்ணிக்கை எப்போதும் எதிர்பார்த்தபடி வேலை செய்வதும் இல்லை. 2020-ல் விஸ்டன் இந்தியா என்ற கிரிக்கெட் ஊடகம் முகநூலில் 50 ஆண்டுகளின் சிறந்த இந்திய டெஸ்ட் பேட்ஸ்மேன் யார் என்று கேட்டது. 11,400 ஓட்டில் 52 சதவீதம் பெற்று, டெண்டுல்கரைத் தாண்டி திராவிட் ஜெயித்தார். அதே வருடம்தான் லாரியஸ் ஓட்டும். பேட்டிங் யாருடையது என்று கேட்டால் ஒரு பெயர், நெஞ்சில் நிற்பது எது என்று கேட்டால் இன்னொரு பெயர். இந்தியர்கள் டெண்டுல்கர் என்றாலே கண்ணை மூடிக்கொண்டு குத்துவார்கள் என்பவர்களுக்கு இதைத்தான் பதிலாகச் சொல்வேன்.

கேள்வியின் சொல்லும் ஆளை மாற்றும். சிறந்த என்று கேட்டால் மக்கள் வெற்றிகளைத் தேடுவார்கள். மறக்க முடியாத என்று கேட்டால் காயங்களும் வரவேண்டும், ஆனால் ஓட்டில் வராது. 1986 ஷார்ஜாவில் சேத்தன் சர்மாவின் கடைசிப் பந்தில் மியான்தத் அடித்த சிக்ஸரை அந்தத் தலைமுறை இந்தியர்கள் யாரும் மறக்கவில்லை. ஆனால் அதற்கு எந்த இந்தியன் ஓட்டுப் போடுவான்? தோல்வி பட்டியலில் ஏறவேண்டுமானால் அதற்குள் வேறு ஏதோ தீரவேண்டும். 1992 பார்சிலோனாவில் 400 மீட்டர் அரையிறுதியில் தொடைத்தசை கிழிந்து விழுந்த டெரெக் ரெட்மண்டை, காவலர்களைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்த அப்பா தோளில் தாங்கி எல்லைக்கோடுவரை கூட்டிப்போனார். அதிகாரபூர்வக் கணக்கில் அவர் ஓட்டத்தை முடிக்கவில்லை. அந்த ஓட்டத்தில் முதலில் வந்தவர் பெயர் எனக்கும் பார்த்தால்தான் தெரியும்.

நமக்கு இதற்குச் சேப்பாக்கமே இருக்கிறது. 1999 ஜனவரி 31. பாகிஸ்தான் டெஸ்ட், இலக்கு 271. முதுகுவலியில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முகம் சுளித்துக்கொண்டு டெண்டுல்கர் 136 அடித்துவிட்டார். 17 ரன் பாக்கி, கையில் நான்கு விக்கெட். சக்லைன் பந்தைத் தூக்கி அடிக்கப்போய் வாசிம் அக்ரமிடம் பிடி கொடுத்தார். மீதி மூன்று விக்கெட்டும் நான்கு ரன்னில் விழுந்தன. 12 ரன்னில் தோல்வி. பாகிஸ்தான் அணி இந்தியாவில் டெஸ்ட் ஆடிப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. டெல்லியில் ஆடுகளத்தையே சிலர் தோண்டிப்போட்டிருந்த பயணம் அது.

சில நொடி மொத்த அரங்கும் அமைதி. பிறகு கைதட்டல் எங்கோ ஒரு மூலையில் ஆரம்பித்து வட்டமாகப் பரவியது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். பாகிஸ்தான் வீரர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, கூட்டமாகச் சேர்ந்து மைதானத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தார்கள், அவர்கள் போகப்போகத் தட்டல் கூடவே வந்தது. மறுபடியும் பாருங்கள், ஒரு சுற்று! ஆட்டம் முடிந்த பிறகு! டெண்டுல்கர் ஆட்டநாயகன் விருதை வாங்கக்கூட வெளியே வரவில்லை. சென்னைக்காரர்களிடம் ஓட்டு எடுத்தால், அவருடைய 136-க்கு ஒரு பங்கு விழும், எழுந்து நின்றதற்கு இரண்டு பங்கு விழும் என்பது என் ஊகம். ஏனென்றால் அதில் ஆடியவர்கள் அவர்களே.

குரலைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. மரடோனா ஓடிய அந்தப் பத்துச் சொச்சம் விநாடிக்கு உருகுவேக்காரர் விக்டர் ஊகோ மொராலஸ் வானொலியில் கதறிய கதறல்தான் அர்ஜென்டினாவில் அந்தக் கோலின் பாதி. எந்தக் கிரகத்திலிருந்து வந்தாய் என்று கேட்டுவிட்டு அழுதே விட்டார். நம் பக்கம் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் தமிழ் வர்ணனை செய்த காலத்தில் வளர்ந்தவர்களுக்கு, பார்க்காத ஆட்டங்கள்கூடக் கண்ணில் இருக்கும்.

அதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. ஓட்டுப் போடுகிறவர், அன்றைக்கு நான் எங்கே இருந்தேன் தெரியுமா என்ற பெருமையில் போடுகிறார். அந்த "எங்கே இருந்தேன்" பல சமயம் பொய், சொல்கிறவருக்கே தெரியாத பொய். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011 இறுதி ஆட்டத்தன்று கோவில்பட்டியில் எங்கள் வீட்டு டிவியை வாசல் திண்ணைக்கு இழுத்து வைத்திருந்தோம். எக்ஸ்டென்ஷன் வயரில் யாரும் கால் வைத்துவிடாமல் மேலே கோணிச்சாக்கு. தெரு முழுக்கப் பிளாஸ்டிக் நாற்காலி. தோனி தூக்கி அடித்ததும் பனியனோடு உட்கார்ந்திருந்த மாமா, என் தொடையில் ஓங்கி அடித்து, "போட்டுட்டான்டா!" என்று கத்தினார். அந்த அடியின் எரிச்சல் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பல வருடம் இதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு கல்யாண வீட்டில் மாமா முன்னாலேயே சொன்னபோது அவர் சிரித்தார். "மருமகனே, நான் அன்னிக்கு மதுரை வண்டியில டூட்டிடா. சாத்தூர் தாண்டி ஒரு பையன் செல்போன்ல ஸ்கோர் சொல்லிக்கிட்டே வந்தான். ஜெயிச்சதும் டிரைவர் ஹாரனை விடவே இல்ல." அத்தையும் ஆமாம் என்றாள். அப்படியானால் என் தொடையில் அடித்தது யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

சரி மாமா, உங்கள் ஓட்டு எதற்கு என்று கேட்டேன். சிக்ஸருமில்லை, தோளுமில்லை. 1983 இறுதி, ஆண்டி ராபர்ட்ஸ் பந்தை ஸ்ரீகாந்த் ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றிப் பாயிண்ட் பக்கம் அறைந்த பவுண்டரி. மாமாவுக்கு அப்போது 17 வயது. டீக்கடை ரேடியோவில் கேட்டது. சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு, பந்தி நடுவிலேயே வலது முழங்காலை மடக்கி அடித்துக் காட்டினார்.

"ரேடியோவுல முழங்கால் எப்படி மாமா தெரிஞ்சுது?" என்றேன்.

"எனக்குத் தெரிஞ்சுதுடா" என்று சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போனார்.